கயிறு பிடிக்கும் உறவு: முத்துக்குளித்துறையில் மனநோயும் பரம்பரை நோயும்

குமரி முனையிலிருந்து வடகிழக்கே இராமேசுவரம் வரை மன்னார் வளைகுடாவை ஒட்டி நீளும் கரைக்கு முத்துக்குளித்துறை என்பது பழம்பெயர். மணப்பாடு, வீரபாண்டியன்பட்டினம், புன்னைக்காயல், தூத்துக்குடி, வேம்பார் என்று ஊர் ஊராகத் தொடரும் இக்கரையின் வரலாறு முத்தை வைத்தும், சங்கை வைத்தும், உப்பளத்தையும் துறைமுகத்தையும் மதமாற்றத்தையும் வைத்தும் பலமுறை எழுதப்பட்டுவிட்டது. ஆனால் சித்தம் கலங்கியவர்கள் இங்கிருந்து எங்கே கொண்டுபோகப்பட்டார்கள், யார் உடன் போனார்கள், போன இடத்தில் அவர்களுக்கு என்ன கிடைத்தது என்று கேட்பவர், வழிபாட்டு வழக்கங்களையும் சட்டப் புத்தகங்களையும் நீதிமன்ற ஆணைகளையும் ஒன்றாக வைத்துப் படித்துத்தான் விடை காண வேண்டியிருக்கிறது. அந்த வரலாற்றுக்குள்ளும் எவராலும் தனியே எண்ணப்படாத ஒரு கூட்டம் உண்டு. பிறக்கும்போதே உடலில் எழுதப்பட்டு, வளர்ந்து ஆளான பிறகு மனத்தையும் தாக்கும் அரிய பரம்பரை நோய்களைக் கொண்டவர்களே அவர்கள்.

அரிய நோய் என்பது ஆயிரத்தில் ஒருவருக்கோ அதனினும் குறைவானவர்களுக்கோ வருவது என்று உலக சுகாதார நிறுவனம் பொதுவாகக் கொள்கிறது. இவற்றில் பெரும்பாலானவை மரபணுக் கோளாறுகள். மனத்தைத் தொடுபவற்றுள் மூன்றை மட்டும் இங்கே அறிந்துகொண்டால் போதும். வில்சன் நோயில், உணவின் வழியே உடலுக்குள் வரும் செம்பை வெளியேற்றும் ஆற்றல் கல்லீரலுக்கு இல்லாமல் போக, அந்தச் செம்பு முதலில் கல்லீரலிலும் பிறகு மூளையில் அசைவைக் கட்டுப்படுத்தும் நரம்புத் திரள்களிலும் படிந்து, நடுக்கம், பேச்சுக் குளறல், கடுஞ்சினம், மனச்சோர்வு, சிலரிடம் பிரமை வரை கொண்டுபோகிறது. ஹண்டிங்டன் நோய் பெரும்பாலும் முப்பது வயதுக்கும் ஐம்பது வயதுக்கும் இடையில் தலைகாட்டி, கட்டுக்கடங்காத கை கால் அசைவுகளோடு குணத்தையும் அறிவையும் மெல்ல மெல்லக் குலைப்பது. இருபத்திரண்டாம் குரோமோசோமில் ஒரு சிறு துண்டு விடுபட்டுப் பிறப்பவர்களிலோ, குழந்தைப் பருவத்தில் இதயக் கோளாறு, அண்ணப் பிளவு என்று தொடங்குவது, ஆளான பிறகு ஏறக்குறைய நான்கில் ஒருவரிடம் மனச்சிதைவு நோயாக வந்து நிற்கிறது.

இந்த நோயாளிகளைப் பழைய வழிபாட்டுத் தலங்களும், காலனிய ஆட்சியின் காப்பகங்களும், விடுதலைக்குப் பின் வந்த மருத்துவமனைகளும் வேறு வேறு பெயரிட்டு அழைத்தன. எனினும் அவை அனைத்துக்கும் பொதுவாக ஓர் எதிர்பார்ப்பு இருந்தது. நோயாளியின் பக்கத்தில் உடலும் மனமும் நலமாயுள்ள ஓர் உறவினர் இருப்பார் என்பதே அது. தனித்து ஒருவரைத் தாக்கும் மனநோய்க்கு இந்த எதிர்பார்ப்பு ஓரளவு பொருந்தியது. குடும்பத்தோடு வரும் நோயிலோ, காவல் இருக்க வேண்டிய அண்ணனும் தங்கையும் மகனும் அதே நோயின் வாசலில் நிற்பவர்களாக இருப்பதால், ஏற்பாட்டின் அடித்தளமே அங்கே ஆட்டம் கண்டது.

இக்கரையில் உறவின் மேல் வைக்கப்பட்ட நம்பிக்கை எத்தனை ஆழமானது என்பதை முத்துக்குளிப்புத் தொழிலே காட்டும். கல்லைக் காலில் கோத்து இறங்கும் குளிப்பாளியின் உயிர், தோணியில் நின்று கயிறு பிடிப்பவரின் கையில் இருந்தது. அந்தக் கயிற்றை மைத்துனரிடம் கொடுப்பதே முறை, உடன்பிறந்தவளின் தாலியை நினைத்தாவது அவர் கையைத் தளரவிடமாட்டார் என்று இக்கரையில் சொல்வதுண்டு. குளிப்பாளியின் அச்சத்தைப் போக்க இன்னொரு பதவியும் இருந்தது. சுறாக்களின் வாயை மந்திரத்தால் கட்டுவதாக நம்பப்பட்ட கடல்கட்டி கரையில் நின்று ஓதாவிட்டால் குளிப்பாளிகள் நீரில் இறங்க மறுத்ததால், மந்திரத்தில் துளியும் நம்பிக்கையில்லாத ஆங்கிலேய அதிகாரிகளும் அவருக்குச் சம்பளம் கொடுத்து வைத்திருந்தனர். 1859-இல் இலங்கையைப் பற்றி நூல் எழுதிய ஜேம்ஸ் எமர்சன் டென்னன்ட், அப்பதவி ஒரே குடும்பத்தில் வழிவழியாக வருவது என்றும், அதில் அப்போது இருந்தவர் கத்தோலிக்கர் என்றும் குறித்துள்ளார். தொழிலாளரின் மனத்தைத் திடப்படுத்த அரசாங்கம் இக்கடலில் செய்த முதல் செலவு இதுவாகத்தான் இருக்க வேண்டும் என்று சற்றே வேடிக்கையாகச் சொல்லலாம். ஆனால் அந்தச் செலவு முத்து வருமானத்தைக் காக்கச் செய்யப்பட்டது, குளிப்பாளியைக் காக்க அன்று.

1530-களில் பரதவர் கூட்டம் கூட்டமாகக் கத்தோலிக்கத்தைத் தழுவியதும், 1542-இல் பிரான்சிஸ் சேவியர் இக்கரைக்கு வந்ததும் பரவலாக அறியப்பட்டவை. அவருக்குப் பின் வந்த அண்ட்ரிக் அடிகளார், தமிழில் அச்சுப் புத்தகம் கொண்டுவந்தவர் என்ற புகழுக்கு உரியவர். 1578-இல் கொல்லத்தில் அச்சான தம்பிரான் வணக்கமும், 1586-இல் வெளிவந்த அடியார் வரலாறும் அவருடைய உழைப்பு. அவர் புன்னைக்காயலில் ஏழைகளுக்கென ஒரு மருத்துவமனையை நடத்தியதை அச்சுப் புகழுக்கு முன் பலர் மறந்துவிடுகின்றனர். காய்ச்சலும் புண்ணும் கொள்ளை நோயும் கண்டவர்களுக்கு அது புகலிடமாயிற்று. சித்தம் கலங்கியவர்களுக்கு அக்காலத்தில் ஐரோப்பிய மருத்துவத்திடமும் கொடுக்க ஒன்றும் இல்லை. சித்த மருத்துவமோ மனநோய்களைக் கிரிகை என்ற பெயரால் வகைப்படுத்தி, பதினெட்டு வகை கூறி, எண்ணெய் முழுக்கு, நசியம் எனும் மூக்கில் விடும் மருந்து, கசாயம் என்று சிகிச்சையும் வகுத்திருந்தது. அந்த வைத்தியமும் பலிக்காதபோது குடும்பங்கள் செய்வினை, ஏவல், பேய்க்கோளாறு என்று காரணம் கண்டு புனிதர்களிடமும் அவுலியாக்களிடமும் சென்றன. ஒரே வீட்டில் இரண்டு தலைமுறையாக நோய் தொடர்ந்தால் அது முன்னோர் தேடிவைத்த சாபம் எனப்பட்டது. பரம்பரை என்ற உண்மையை அந்தச் சொல் பிழையின்றிக் கண்டுகொண்டது, ஆனால் அதைக் குற்றமாக்கிவிட்டது.

அப்படிச் சென்ற இடங்களில் மூன்று பெயர்கள் இக்கரையோடு ஒட்டியவை. கடலோரத்தில் உவரி அந்தோணியார் கோவில். உள்நாட்டில், இன்றைய தூத்துக்குடி மாவட்டத்துக் கரிசல் நிலத்தில், புளியம்பட்டி அந்தோணியார் கோவில். வடக்கே கீழக்கரைக்கு அருகில் சுல்தான் சையத் இப்ராகிம் ஷகீது அடங்கியுள்ள ஏர்வாடி தர்கா. மூன்றுக்கும் எல்லா மதத்தவரும் சென்றனர். அங்கே நோயாளி ஒருநாள் வணங்கிவிட்டுத் திரும்புவதில்லை. கனவில் உத்தரவு வரும்வரை, வாரங்களோ மாதங்களோ, கோவில் வளாகத்திலேயே தங்குவார். அந்தோணியாருக்கு உகந்த செவ்வாய்க்கிழமைகளும் தர்காவுக்கு உகந்த வியாழன் இரவுகளும் தங்குவோரின் நாட்காட்டியாக இருந்தன. புளியம்பட்டியில் நீண்ட களஆய்வு செய்த பிரெஞ்சு மானிடவியலாளர் பிரிஜித் செபாஸ்தியா, 2007-இல் வெளிவந்த தமது நூலுக்கு அந்தோணியாரைச் சுற்றும் சுற்றுகளையே தலைப்பாக்கினார். பேய் பிடித்ததாகச் சொல்லப்பட்டவர்கள் கோவிலைச் சுற்றி ஓடுவதும், தலைவிரித்து ஆடுவதும், பிடித்திருப்பது யார் என்று சொல்ல வைக்கப்படுவதும் அங்கே நடக்கும் வழிபாட்டின் நடுநாயகமான பகுதிகள்.

இத்தலங்களை மூடநம்பிக்கை என்று ஒரே சொல்லில் தள்ளிவிடுவது எளிது. வரலாற்றாசிரியருக்கு அது உதவாது. தமிழ்நாட்டில் வேலாயுதம்பாளையம்புதூர் முத்துசாமி கோவிலில் தங்கிய 31 பேரை ராகுராமும் அவருடைய குழுவினரும் தொடர்ந்து கவனித்து 2002-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியிட்ட ஆய்வில், மருந்து ஏதும் இன்றி ஏறக்குறைய ஆறு வாரம் அங்கு இருந்தவர்களின் நோய்க்குறிகள் குறிப்பிடத்தக்க அளவில் தணிந்திருந்தன. அச்சுறுத்தலற்ற சூழலும், சிறு சிறு வேலைகளும், குடும்பத்தார் கூடவே இருந்ததும் அதற்குத் துணைநின்றிருக்கலாம். ஆனால் அந்தத் தணிவு வில்சன் நோய்க்காரருக்குக் கிடைக்க வழியில்லை. படிந்த செம்பு சுற்றினாலும் கரையாது, அழுதாலும் கரையாது; காத்திருக்கும் மாதங்கள் ஒவ்வொன்றும் அவருடைய கல்லீரலையும் மூளையையும் மேலும் தின்றுகொண்டிருக்கும். தவிர, கோவிலில் தங்குவது என்பது உறவினர் ஒருவர் தம் தொழிலை விட்டுவிட்டுக் கூடத் தங்குவது. சோறாக்கவும், குளிப்பாட்டவும், ஓடிவிடாமல் பிடிக்கவும் ஆள் வேண்டும். அப்படி ஆள் விட முடியாத குடும்பங்களுக்குத் தலங்களின் அருகில் இரண்டு மாற்றுகள் இருந்தன: கூலிக்குப் பார்த்துக்கொள்பவர், அல்லது சங்கிலி. பின்னாளில் ஏர்வாடியில் முளைத்த தனியார் மனநலக் காப்பகங்கள் இவ்விரண்டையும் ஒன்றாக்கித் தொழிலாக்கியவையே.

ஆங்கில ஆட்சி கொடுத்த மாற்று வெகு தொலைவில் இருந்தது. 1794-இல் வாலண்டைன் கோனொலி என்ற அறுவை மருத்துவர் சென்னையில் தொடங்கிய காப்பகம், பல இடம் மாறி 1871-இல் கீழ்ப்பாக்கத்தில் நிலைபெற்றது; இன்றைய அரசு மனநலக் காப்பகம் அதுவே. தூத்துக்குடியிலிருந்து அங்கே செல்ல ஏறக்குறைய 600 கிலோமீட்டர். 1870-களில் இரயில் பாதை தூத்துக்குடியைத் தொட்டபின் அந்தத் தொலைவு நாள் கணக்கில் குறைந்தது என்றாலும், நோயாளியைத் திரும்ப அழைத்துவரும் கடமை நினைவில் நிற்கும் அளவுக்குக் குறையவில்லை. 1858-ஆம் ஆண்டின் காப்பகச் சட்டமும், அதன் இடத்தைப் பிடித்த 1912-ஆம் ஆண்டின் இந்தியப் பைத்தியநிலைச் சட்டமும் நோயாளியை மருத்துவரிடம் நேரே அனுப்பவில்லை. நடுவர் மன்றத்தின் வழியாக அனுப்பின. கணவனோ மனைவியோ உறவினரோ விண்ணப்பிக்க வேண்டும். வேறு ஒருவர் விண்ணப்பித்தால் உறவினர் ஏன் வரவில்லை என்று காரணம் காட்ட வேண்டும். காவலர் பிடித்துவந்த ஒருவரை உறவினர் பொறுப்பேற்றால் நடுவர் அவரிடமே ஒப்படைக்கலாம். கோவிலுக்குச் சொல்லாமலே தெரிந்திருந்ததைச் சட்டம் எழுத்தில் எழுதிக்கொண்டது.

அதே 1912-இல் இலண்டனில் சாமுவேல் அலெக்சாண்டர் கின்னியர் வில்சன் என்ற நரம்பியல் மருத்துவர், ஒரே குடும்பத்து உடன்பிறந்தவர்களைத் தாக்கி மூளையையும் கல்லீரலையும் சேர்த்துக் கெடுக்கும் ஒரு நோயை விரிவாக எழுதி வெளியிட்டார். அதற்கு 40 ஆண்டுகள் முன்பே, 1872-இல், அமெரிக்க மருத்துவர் ஜார்ஜ் ஹண்டிங்டன் தாம் தலைமுறை தலைமுறையாகக் கண்ட குடும்பங்களை வைத்துத் தம் பெயர் தாங்கும் நோயை வரைந்திருந்தார். பைத்தியநிலைச் சட்டமும் வில்சனின் கட்டுரையும் ஒரே ஆண்டில் பிறந்தும் ஒன்றை ஒன்று அறியாமல் பல பத்தாண்டுகள் கழிந்தன. 1956-இல் ஜான் வால்ஷ் பெனிசிலமைன் என்ற மருந்தால் உடலில் சேர்ந்த செம்பைச் சிறுநீர் வழியே வெளியேற்றலாம் என்று காட்டியபோது, மனநோய் என்று கருதப்படும் நிலைகளுக்குள்ளே காரணம் அறிந்து மருந்து கொடுத்து மீட்கத்தக்க ஒன்று பிரிந்து வந்தது. 1993-இல் வில்சன் நோயின் மரபணுவும் ஹண்டிங்டன் நோயின் மரபணுவும் கண்டறியப்பட்டன. 1987-இல் இயற்றப்பட்ட இந்திய மனநலச் சட்டம் நடைமுறைக்கு வந்ததும் அதே 1993 ஏப்ரலில்தான். சட்டம் இந்த முறையும் அறிவியலின் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. உறவினரின் விண்ணப்பமும் நடுவரின் ஆணையும் புதிய சட்டத்திலும் தொடர்ந்தன.

விடுதலைக்குப் பிந்தைய மருத்துவம் உறவினரை வாசலில் நிறுத்தாமல் உள்ளே அழைத்ததைப் பெரிய மாற்றம் என்றே சொல்ல வேண்டும். அமிர்தசரசில் வித்யா சாகர் 1950-களில் நோயாளிகளோடு குடும்பங்களையும் கூடாரங்களில் தங்கவைத்தார். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி 1957-இல் பாகாயத்தில் மனநல மையம் தொடங்கியபோது உறவினர் உடன் தங்குவதையே அதன் அடிப்படை ஆக்கிக்கொண்டது. செவிலியர் பற்றாக்குறையைத் தீர்க்க வந்த வழி என்றாலும், கோவில்களில் நெடுங்காலமாக இருந்த வழக்கத்தை மருத்துவம் தானே அறியாமல் கையில் எடுத்துக்கொண்டது போன்றது அது. முத்துக்குளித்துறைக்கு இந்த மாற்றம் மெதுவாகத்தான் வந்து சேர்ந்தது. 1965-இல் திருநெல்வேலியில் மருத்துவக் கல்லூரி அமைந்து தூத்துக்குடிக்காரர்களுக்குச் சென்னையை ஏறக்குறைய 50 கிலோமீட்டராகச் சுருக்கியது; 1986-இல் தூத்துக்குடி தனி மாவட்டமானது; 2000-இல் அங்கேயே அரசு மருத்துவக் கல்லூரி தொடங்கியது. முத்துக்குளிப்பு அதற்கு 39 ஆண்டுகள் முன்பே, 1961-ஆம் ஆண்டுப் பருவத்தோடு, நின்றுபோயிருந்தது.

கல்லூரி தொடங்கிய மறு ஆண்டு, 2001 ஆகஸ்டு 6 அன்று விடியற்காலை, ஏர்வாடியில் மொய்தீன் பாதுஷா மனநலக் காப்பகத்தின் ஓலைக்கொட்டகை தீப்பிடித்தது. காலிலே சங்கிலியும், சங்கிலியின் மறுமுனையில் தூணோ கட்டிலோ இருந்ததால் ஓட முடியாமல் மாண்டவர்கள் 28 பேர். கூச்சலைக் கேட்டவர்கள் அதை வழக்கமான கூச்சல் என்று எண்ணியதாகவும் பின்னர் சொல்லப்பட்டது. ஒரு வாரத்துக்குள் அரசு ஏர்வாடிக் காப்பகங்களை மூடி, அவற்றில் இருந்த ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்களை அங்கிருந்து அகற்றியது, நீதிபதி என். ராமதாஸ் தலைமையில் விசாரணை ஆணையம் அமைந்தது. உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டு, 2002 பிப்ரவரியில் எல்லா மாநிலங்களுக்கும் ஆணை பிறப்பித்தது. காப்பகத்தை நடத்தியவர்கள் 2007-இல் தண்டிக்கப்பட்டனர். தீயைப் பற்றி எழுதியவர்கள் பெரும்பாலும் சங்கிலியைப் பற்றியே எழுதினார்கள். அந்தச் சங்கிலியை உறவினர் ஏன் பணம் கொடுத்து வாங்கினார்கள் என்ற கேள்வி குறைவாகவே எழுந்தது. அவர்கள் எல்லாரையும் கைவிட்டவர்கள் என்று சொல்வது நியாயம் ஆகாது. மாதாமாதம் பணம் அனுப்பிய குடும்பங்களுக்கு, கூடத் தங்க ஆள் இல்லாததே முதல் சிக்கல். இறந்தவர்களுக்கு எந்த நோய் இருந்தது என்பது எந்தக் காலத்திலும் தெரியப்போவதில்லை. வாய் குளறி, கை நடுங்கி, சினந்து அடித்த ஓர் இளைஞரை அங்கே கொண்டுவந்து விட்டபோது அவருடைய இரத்தத்தில் செம்பின் அளவைப் பார்த்திருக்கக்கூடிய எவரும் அந்தக் கொட்டகைகளில் இல்லை.

தீக்குப் பின் மாவட்ட மனநலத் திட்டம் வேகம் பெற்றது. கர்நாடகத்துப் பெல்லாரியில் 1980-களின் பிற்பகுதியில் சோதிக்கப்பட்ட முறை இது: மனநல மருத்துவரும் உளவியலாளரும் சமூகப் பணியாளரும் அடங்கிய குழு ஒன்று மாவட்டத்தின் அரசு மருத்துவமனைகளுக்குக் குறித்த நாள்களில் சென்று மருந்து கொடுப்பதோடு, ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர்களுக்குப் பயிற்சியும் அளிக்கும். தமிழ்நாட்டில் 1997-இல் திருச்சி மாவட்டத்தில் தொடங்கி, ஏர்வாடித் தீயை ஒட்டிய ஆண்டுகளில் மதுரை, இராமநாதபுரம் மாவட்டங்களுக்கும் பின்னர் மற்றவற்றுக்கும் விரிந்தது. குஜராத்தில் மீரா தாதார் தர்காவில் 2008 வாக்கில் உருவான தவா–துவா, அதாவது மருந்தும் பிரார்த்தனையும், என்ற ஏற்பாட்டைப் பின்பற்றி ஏர்வாடியிலும் வழிபாட்டைத் தடுக்காமல் மருந்து கொடுக்கும் மையம் வந்தது. மனச்சிதைவு, இருமுனை மனநோய், வலிப்பு ஆகியவற்றுக்கு இந்த அமைப்பு மெய்யாகவே பயன்பட்டது. அரிய நோய்க்கு இதில் ஒரு பொறி இருந்தது. மனநோய்க்கான சில மருந்துகள் வில்சன் நோய்க்காரரின் கை கால் விறைப்பையும் நடுக்கத்தையும் கூட்டிவிடுவதால், காரணத்தை ஆராயாமல் குறியை மட்டும் பார்த்துத் தரப்படும் மாத்திரை, நோயாளியைப் பார்ப்பதற்கு மேலும் கொடிய மனநோயாளி போல் ஆக்கிவிடக்கூடும்.

காரணத்தை ஆராய்வதற்கு வேண்டிய கருவி எட்டாத தூரத்தில் இருந்ததும் இல்லை. வில்சன் நோய் மூளையைத் தொட்டுவிட்டால் பெரும்பாலும் கருவிழியின் விளிம்பைச் சுற்றிப் பொன்னும் பழுப்பும் பச்சையும் கலந்த ஒரு மெல்லிய வளையம் படிகிறது. 1902-இலும் 1903-இலும் அதை எழுதிய கைசர், பிளெய்ஷர் என்ற இரு ஜெர்மானிய மருத்துவர்களின் பெயரால் அது அறியப்படுகிறது. வெளிறிய கண்களில் வெறும் பார்வைக்கே தெரியக்கூடிய அந்த வளையம், நம் மக்களின் கரும்பழுப்புக் கண்களில் ஒளிந்துகொள்ளும். கண் மருத்துவர் ஸ்லிட் லேம்ப் எனும் ஒளிக்கீற்று விளக்கை வைத்துப் பார்த்தால் பிடிபட்டுவிடும். மதுரையில் 1976-இல் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை 1988-இல் திருநெல்வேலிக்கும் வந்தது. அந்த விளக்கு இவ்வட்டாரத்துக்குப் புதியதன்று. மனநலப் பிரிவிலிருந்து கண் பிரிவுக்கு ஒருவரை அனுப்பிவைக்க வேண்டும் என்று தோன்றுவதுதான் அரிது. நோயாளியின் வாழ்நாள் முழுவதையும் தீர்மானிக்கும் பரிசோதனை, ஒரு துறையின் கதவுக்கும் மறு துறையின் கதவுக்கும் இடையிலுள்ள சில அடி நடையில் தவறிப்போகிறது.

இங்கே திருமண வழக்கத்தையும் கருத வேண்டும். தமிழ்நாட்டில் நடக்கும் திருமணங்களில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் இரத்த உறவுக்குள் நடப்பதைத் தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பு காட்டியுள்ளது. அத்தை மகள், மாமன் மகன், அக்காள் மகள் என்று உரிமையோடு கட்டும் இவ்வழக்கம் சாதியையும் மதத்தையும் கடந்தது. வில்சன் நோய் ஒடுங்குநிலை மரபணுவால் வருவது, அதாவது தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் பழுதான பிரதி ஒவ்வொன்று கிடைத்தால் மட்டுமே நோயாவது. ஒரே பாட்டனின் வழிவந்த இருவர் மணந்துகொள்ளும்போது இருவரிடமும் அதே பழுது இருக்கும் வாய்ப்புக் கூடுகிறது. உறவுத் திருமணத்தைப் பழித்துப் பேசுவது மருத்துவர்களிடையே ஒரு பழக்கமாகிவிட்டது; சொத்தும் தோணியும் பெண்ணின் பாதுகாப்பும் அந்த உறவில் அடங்கியிருந்த ஒரு கரைக்கு அந்தப் பழிப்பு காதில் ஏறாது. நோய் கண்ட ஒருவரின் உடன்பிறந்தோர் ஒவ்வொருவருக்கும் அதே நோய் இருக்க நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு என்பதையும், குறி தோன்றுமுன் கண்டுபிடித்து பெனிசிலமைனோ துத்தநாக மருந்தோ ஆயுள் முழுவதும் விடாமல் கொடுத்தால் அவர்கள் நோயின்றியே வாழ முடியும் என்பதையும் சொல்வது பழிப்பைவிடப் பயன் தரும். நோயாளியைக் கையைப் பிடித்து அழைத்துவரும் தம்பிக்கே அந்தச் சோதனை தேவைப்படலாம். அவரைத் துணையாள் என்று மட்டுமே பார்த்துப் பழகிய மருத்துவமனைக் கண்ணுக்கு அது தெரிவதில்லை.

ஹண்டிங்டன் நோயின் கணக்கு வேறு. அது ஓங்குநிலை மரபணுவால் வருவதால் பெற்றோரில் ஒருவருக்கு இருந்தாலே போதும், பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் சரிபாதி வாய்ப்பு. நோயை நிறுத்தும் மருந்து இதுவரை இல்லை. தகப்பனின் நடை தள்ளாடுவதையும், அவர் ஊராரிடம் காரணமின்றிச் சண்டைக்குப் போவதையும், குடிகாரர் என்று பெயர் வாங்குவதையும் பார்த்துக்கொண்டே அவரைப் பேணும் மகனோ மகளோ தம் எதிர்காலத்தைப் பேணிக்கொண்டிருக்கக்கூடும். அவர்களுக்கும் மனநல உதவி தேவை. பரிசோதித்துக்கொள்வதா வேண்டாமா என்று முடிவெடுப்பதற்கு முன்னும் பின்னும் ஆற்றுப்படுத்துதல் வேண்டும் என்பது உலகெங்கும் ஏற்கப்பட்ட நெறி. அத்தகைய மரபணு ஆற்றுப்படுத்துதல் பெருநகரங்களிலும் வேலூர் போன்ற பெரிய மருத்துவக் கல்லூரிகளிலுமே கிடைப்பது. தூத்துக்குடிக் குடும்பத்துக்கு அது மீண்டும் ஓர் இரயில் பயணம்.

அண்மைச் சட்டங்கள் இந்தப் பழைய ஏற்பாட்டைப் பகுதி பகுதியாக அசைத்துள்ளன. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இயலாமை வகைகளை 21 ஆக்கி, மனநோயையும், நாட்பட்ட நரம்பியல் நிலைகளையும், தசைச்சிதைவு, இரத்தம் உறையாமை, தலசீமியா, அரிவாள் செல் சோகை ஆகிய பரம்பரை நோய்களையும் அவற்றுள் அடக்கியது. வில்சன் நோயும் ஹண்டிங்டன் நோயும் பெயர் பெறவில்லை, எனவே அவற்றைக் கொண்டவர் தம் இயலாமையை வேறு ஏதேனும் ஒரு தலைப்பின்கீழ் நிறுவ வேண்டும். 2021 மார்ச்சில் வெளியான தேசிய அரிய நோய்க் கொள்கை, அடுத்த ஆண்டே உதவித்தொகையின் உச்சவரம்பை 50 இலட்சம் ரூபாயாக உயர்த்தியது. அக்கொள்கையின்படி தமிழ்நாட்டுக்குரிய உயர்சிறப்பு மையம் எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனை. பரம்பரை நோய்கள் குழந்தைகளிடம் முதலில் தெரிவதால் இது இயல்பான தேர்வே. ஆயினும் குழந்தை வளர்ந்து ஆளானபின், அல்லது ஆளானபின்பே நோய் தோன்றியவர், குழந்தைகள் மருத்துவமனைக்கும் மாவட்ட மனநலப் பிரிவுக்கும் நடுவே நிற்கிறார். முன்னதற்கு அவர் வயதில் பெரியவர், பின்னதற்கு அவருடைய நோய் புதிது.

2018 மே 29 முதல் நடைமுறையில் உள்ள 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் இவற்றுள் மிகத் துணிவானது. அதன் 95-ஆம் பிரிவு எவ்வகையிலும் சங்கிலியிடுவதைத் தடை செய்தது. 19-ஆம் பிரிவு, குடும்பம் இல்லை அல்லது குடும்பம் ஏற்கவில்லை என்ற ஒரே காரணத்துக்காக ஒருவரை மனநல நிலையத்தில் வைத்திருக்கக் கூடாது என்றது. 14-ஆம் பிரிவு, வயதுவந்த எவரும் தமக்கு ஒரு நியமனப் பிரதிநிதியை, அதாவது நோயின்போது தம் சார்பில் முடிவுகளில் துணைநிற்பவரை, எழுத்தால் குறித்துவைக்க இடம் தந்தது. அவர் உறவினராக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. நண்பராகலாம், உடன் தொழில் செய்பவராகலாம், பங்குக் கோவிலைச் சேர்ந்த ஒருவராகலாம். குறித்துவைக்காதவருக்கு உறவினர், பராமரிப்பாளர், மனநல மறுஆய்வு வாரியம் அமர்த்தும் தகுதியான ஒருவர் என்று வரிசை செல்கிறது. அந்த வரிசையில் ஒருவரும் கிடைக்காவிட்டால் மாநிலச் சமூகநலத் துறையின் இயக்குநரையோ அவர் குறிக்கும் அலுவலரையோ வாரியம் பிரதிநிதியாக்க வேண்டும். அண்ணனும் தம்பியும் தகப்பனும் ஒரே நோயில் விழுந்த வீட்டில், 1858 முதல் சட்டம் முதலில் தேடிவந்த உறவினரின் இடத்தில் கடைசியாக நிற்க வேண்டியவர் அந்த அலுவலர்தான்.